பதிவாளர் மருமவனுக்கு ஒரு வரைவுத் திருத்தம்

மருமவனே, நீரு வாட்சப்புல அனுப்புன சுற்றறிக்கை வரைவு வந்து சேந்துது. “மாமா, தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, வேற ஒண்ணும் பாக்க வேண்டாம்”னு கீழ எழுதியிருந்தீரு. தாலுகா ஆபீஸ் வாசல்ல குத்தவச்சு மனு எழுதியே மூணு பொம்பளைப் பிள்ளைகளைக் கட்டிக் குடுத்தவன் நான். வேற ஒண்ணும் பாக்காம இருக்க முடியுமாவே? முன்னால உம்மை ஏலேன்னுதான் கூப்புடுவேன். இப்ப நீரு பச்சை மையில கையெழுத்துப் போடுத ஆளு. ஏலேன்னா எந்தங்கச்சி, அதான் உம்ம அம்மை, சண்டைக்கு வந்துருவா.

தமிழ்ல பிழை இல்லை. ‘பொருள்’, ‘பார்வை’, ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ எல்லாம் அதது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. வளாகத்துக்குள்ள முன் அனுமதியில்லாம கூட்டம் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது, நோட்டீஸ் குடுக்கக் கூடாது, மீறினா ஒழுங்கு நடவடிக்கை. முத்து முத்தா இருக்கு. அந்த அனுமதியை யாருட்ட கேக்கணும்னு மட்டும் எங்கயும் காணும். மறந்துட்டீரா, இல்ல சாமர்த்தியமா விட்டுட்டீரா? சாமர்த்தியம்னா மெச்சுதேன். ரெவின்யூ ஆளுவ கூட ‘உரிய அலுவலரிடம்’னு ஒரு வார்த்தையைப் போட்டு மனுசனை மேசை மேசையா அலைய விடுவாவ. நீரு மேசையையே எடுத்துட்டீரு.

ஆனா உமக்கு அனுபவம் காணாது. எடுத்த எடுப்புலயே சொந்தக் கையெழுத்துல யாராவது தடை போடுவானா? மொட்டைக் கடுதாசி எதுக்கு இருக்கு? அந்தத் தொழில் எனக்குத் தெரியும். பேரு போட்ட மனுவுக்கு ஒரு ரேட்டு, பேரு போடாததுக்கு அதை விடக் கூட வாங்குவேன். சென்னை ஐஐடி கதை நெனைவு இருக்கா? 2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பொறந்த நாள் அன்னைக்கு, அங்க படிக்கப் பிள்ளைய சேந்து அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாவ. கூடுவாவ, படிப்பாவ, வாதாடுவாவ, கலைஞ்சு போவாவ. ஒரு வருசம் அதுபாட்டுக்கு ஓடுச்சு. கேட்டுக்கு வெளிய டீக்கடைக்காரனுக்குக் கூட தெரிஞ்சிருக்காது. டெல்லியில மனிதவள அமைச்சகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு. அவிய அதை விளக்கம் கேட்டு இங்க அனுப்பினாவ. 2015 மே மாசம் நிர்வாகம் வட்டத்தோட அங்கீகாரத்தை எடுத்துட்டு. அம்புட்டுத்தான். மறுவாரம் எங்க ஊரு சலூன்ல வட்டத்தைப் பத்திப் பேச்சு! அதுவரைக்கும் ஐஐடின்னா என்னன்னே தெரியாத பயலுவ, அந்தப் பிள்ளைய என்னதான் படிச்சிருக்கும்னு தெரிஞ்சுக்கத் துடிச்சானுவ. ஜூன் 7-ஆம் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் குடுத்தாவ. விளம்பரத்துக்குன்னு அந்தப் பிள்ளைய கைக்காசு போட்டிருந்தா எம்புட்டு செலவாகியிருக்கும், யோசிச்சுப் பாரும்.

இன்னொண்ணு, பழியை எப்பவும் காக்கிச்சட்டை மேல போடணும். இதுல சேலத்துக்காரர் உமக்கு முன்னோடி. 2023 ஜூன்ல அங்க பட்டமளிப்பு விழா. ஆளுநர் ரவி வாராரு, கறுப்புக்கொடி காட்டுவோம்னு சில பேரு சொல்லியிருக்காவ. உடனே ஒரு சுற்றறிக்கை: விழாவுக்கு வாரவங்க கறுப்பு உடுத்தி வரக் கூடாது, போலீஸ்ல சொல்லியிருக்காவன்னு. எந்தப் பல்கலைக்கழகம்? பெரியார் பல்கலைக்கழகம்! வாசல்ல யாரு பேரை எழுதி வச்சிருக்கோ அந்த மனுசன் கைத்தடியை ஊணிக்கிட்டு வந்திருந்தா, “ஐயா, சட்டையை மாத்திட்டு வாங்க”ன்னுதான் சொல்லியிருக்கணும். சிரிப்பாச் சிரிச்சு, கடைசியில அதை வாபஸ் வாங்கினாவ. அதுல எனக்கு ஒரே வருத்தம், நடைமுறை விளக்கம் ஒண்ணும் வராமப் போச்சே. குடை கறுப்பா இருந்தா என்ன செய்ய? எருமையில ஏறி வந்தா? எங்க ஊரு ஆளுவளை எல்லாம் பிறவியிலயே தகுதி நீக்கம் பண்ணிருவீரோ?

சரி, சேலம் தூரம். நம்ம அபிஷேகப்பட்டிக்கு வாரும். அங்க இருக்க மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. ஆங்கிலத்துக்கு அருந்ததி ராய் எழுதுன ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ பாடமா இருந்துது. மாவோயிஸ்டுகளோட காட்டுக்குள்ள நடந்துட்டு வந்து எழுதுன புத்தகம். 2017-ல இருந்து இருக்கு. மூணு வருசம் பிள்ளைய அதைப் படிச்சு, பரீட்சை எழுதி, மார்க்கு வாங்கி, வேலை தேடிப் போயிட்டுதுவ. ஒருத்தனும் துப்பாக்கி தூக்கலை. பேனா தூக்குனவனே கொறைவு. 2020 நவம்பர்ல ஏபிவிபி மாணவர் அமைப்புக்காரங்க புகார் குடுத்தாவ. ஒரு கமிட்டி கூடுச்சு, புத்தகம் போச்சு. அதுக்குப் பதிலா என்ன வச்சாவன்னு கேளும். மா. கிருஷ்ணன் எழுதுன இயற்கைக் கட்டுரை. யானை, மான், பறவை. யாரு மனசும் புண்படாது. மானு வந்து புகார் குடுக்கவா போகுது?

இங்கதான் வெசயம். மா. கிருஷ்ணன் யாரு? நம்ம திருநெல்வேலியில 1912-ல பொறந்தவரு. அவரைப் பெத்தவரு யாரு? பத்மாவதி சரித்திரம் எழுதுன அ. மாதவையா, பெருங்குளத்துக்காரரு. விதவைக் கல்யாணம், பொம்பளைப் பிள்ளைய படிப்புன்னு எழுதி, தன் சாதி சனத்துக்கிட்டயே ஏச்சு வாங்குன மனுசன். அவரு எங்க எப்படிச் செத்தாருன்னு தெரியுமா உமக்கு? 1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பட்டப் படிப்புல தமிழைக் கட்டாயமா வைக்கணும்னு எந்திரிச்சுப் பேசுதாரு. பேசி முடிச்சு உக்காந்தாரு, உசுரு போயிட்டு. பல்கலைக்கழகத்துக்குள்ள பேசுத உரிமையைக் கடைசி மூச்சு வரைக்கும் பயன்படுத்துனவருன்னு ஒருத்தரைச் சொல்லணும்னா அவரைத்தான் சொல்லணும். வம்பு வேண்டாம்னு ஒரு புத்தகத்தை எடுத்துட்டு, வம்புக்காரர் மவன் புத்தகத்தைக் கொண்டாந்து வச்சிருக்காவ. கிருஷ்ணனும் லேசுப்பட்ட ஆளு இல்லை. காட்டைக் கெடுக்கவனை அவரு ஏசுன ஏச்சு சாகுறவரைக்கும் பத்திரிகையில வந்துக்கிட்டு இருந்துது. அதனால மருமவனே, புத்தகத்தை மாத்துறதுக்கு முன்னால எழுதுனவரு அப்பன் பேரையும் ஒரு தடவை விசாரிச்சுக்கோரும்.

அதே அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு, 2025 ஆகஸ்ட் 13. ஆளுநரு ஒவ்வொருத்தருக்கா பட்டம் குடுக்காரு. ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வந்த ஒரு பிள்ளை, நாகர்கோவில்காரி, அவரு பக்கமே திரும்பாம நேரா துணைவேந்தர்ட்ட போயி பட்டத்தை வாங்கிட்டு இறங்கிட்டு. ஆளுநரு இந்தப் பக்கம் வாங்கச் சொல்லிக் கை காட்டுதாரு. அது வேண்டாம்னு தலையசைச்சிட்டுப் போகுது. கோஷம் இல்லை, நோட்டீஸ் இல்லை, கறுப்புச் சட்டையும் இல்லை. உம்ம சுற்றறிக்கையில எந்தப் பத்தியில இந்தப் பிள்ளையை அடைப்பீரு? ‘தலையை இடவலமாக அசைத்தல் தடை செய்யப்படுகிறது’ன்னு ஒரு வரி சேத்துக்கலாமா?

நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீரும். இந்தச் சுற்றறிக்கையே உமக்குத் தேவையில்லை. பிள்ளைகளை அடக்க இதை விட நல்ல சாமான் எல்லாம் உம்ம பீரோவுக்குள்ள இருக்கு. இன்டர்னல் மார்க்கு இருக்கு. நூத்துக்கு இருவத்தஞ்சு வாத்தியார் கையில. அதுல பத்தைக் கொறைச்சா எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் நிக்காது. வருகைப் பதிவு இருக்கு. எழுபத்தஞ்சு சதவீதம் இல்லைன்னா ஹால் டிக்கெட் இல்லை. ஆராய்ச்சிக்கு வார பிள்ளைன்னா கேக்கவே வேண்டாம். கைடு கையெழுத்துப் போட்டாத்தான் உதவித்தொகை பாரமே நகரும். “கையெழுத்தா? சார் வெளியூரு போயிருக்காரு” — இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால எந்தப் புரட்சி நிக்கும்? என் கூட்டாளி மகன் ஒருத்தன் அஞ்சாறு மாசமா உதவித்தொகை வராம, மெஸ் பாக்கியோட, வாத்தியாரு வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறுனான். அவனைப் பேசாதேன்னு எவனும் சொல்லலை. அவன் பேசவும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீரும், தீசிஸ் இன்னும் உள்ளதான் இருக்கு.

எல்லாத்துக்கும் மேல நன்னடத்தைச் சான்றிதழ். கூட்டுறவுக் கடன்ல இருந்து கொலைக் கேஸ் வரைக்கும் மனு எழுதுனவன் சொல்லுதேன், அப்படி ஒரு பேப்பரை நான் பாத்ததில்லை. அரைத்தாள். ‘குட்’னு ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து மூணு வருசம் நூறு வார்த்தையை முழுங்குதான் ஒரு பய. அதுலயும் சரிக்கட்டலைன்னா பெத்தவங்களை வரச் சொல்லிருவீய. கூலி வேலையை விட்டுட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு, பஸ்ஸைப் பிடிச்சு வந்து உம்ம ரூம் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிப்பான் ஒரு தகப்பன். அவன் மொகத்தைப் பாத்த பெறவு எந்த மவனுக்கு கோஷம் போட வாயி வரும்? இதெல்லாம் காலங்காலமா சத்தமில்லாம நடந்துக்கிட்டுதான் இருக்கு. நீரு எதுக்குப் போயி அச்சடிச்சு சுவத்துல ஒட்டுதீரு?

“இல்ல மாமா, எழுத்துலதான் இருக்கணும்”னு சொன்னீருன்னா, டெல்லி ஜே.என்.யூ. மாதிரி விலைப்பட்டியல் போட்டுரும். 2023 கடைசியில அவிய ஒரு கையேடு போட்டாவ. வகுப்பு நடக்க கட்டடத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள தர்ணா இருந்தா 20,000 ரூவா வரை அபராதம். பாரும், எவ்வளவு தெளிவு. நூத்தி ஒண்ணாவது மீட்டர்ல நின்னா ஜனநாயகம், தொண்ணூத்தி ஒம்பதுல நின்னா இருவதாயிரம். வாசல்ல ஒரு டேப்பும் ஒரு சர்வேயரும் போட்டாச் சோலி முடிஞ்சிரும். நம்ம செட்டுப் பழைய சர்வேயர் ஒருத்தர் சும்மாத்தான் இருக்காரு, சொல்லட்டா? அமெரிக்காக்காரன் அரசியல் சட்டத்துல முதல் திருத்தம், பேச்சுல கை வைக்காதேங்குது. நம்ம சட்டத்துல முதல் திருத்தம் 1951-ல வந்துது. பேச்சுக்கு எங்கெங்க வேலி அடிக்கலாம்ங்கிற பட்டியலை நீட்டி விட்டுது. வேலி நமக்குப் புதுசு இல்லை.

அமெரிக்கான்னதும் நெனைவு வருது. எம்பேத்தி கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல படிக்கா. அவ சொன்ன கதையைக் கேளும், உமக்கு நல்ல யோசனை ஒண்ணு கெடைக்கும். 1964 செப்டம்பர்ல அங்க உம்ம மாதிரியே ஒரு உத்தரவு. வாசல்ல மேசை போட்டு அரசியல் பேசக் கூடாது, காசு வசூலிக்கக் கூடாதுன்னு. கறுப்பின மக்களோட உரிமைக்காக மேசை போட்டிருந்த ஒருத்தனை அக்டோபர் 1-ஆம் தேதி போலீஸ் பிடிச்சுக் கார்ல ஏத்திட்டு. பிள்ளைய அப்படியே காரைச் சுத்தித் தரையில உக்காந்துட்டுதுவ. ஆயிரக்கணக்குல. காரு நகர முடியலை. 32 மணி நேரம், பிடிபட்டவன் உள்ளயே இருக்கான். வெளிய அந்தக் காரு மண்டை மேலதான் மேடை! மாரியோ சாவியோன்னு ஒரு பையன், திக்குவாய் உள்ளவன், ஏறிப் பேசுனான். ஏறும்போது என்ன செஞ்சான் தெரியுமா? பூட்ஸைக் கழட்டிட்டு ஏறுனான், காருக்குச் சேதம் வரக் கூடாதுன்னு. மேடைக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச பய. டிசம்பர்ல நிர்வாகக் கட்டடத்துக்குள்ளயே உக்காந்தாவ, எண்ணூறு பேரு அளவுல கைது. அப்பத்தான் வாத்தியாருமாரு கூடி ஓட்டுப் போட்டாவ, 824-க்கு 115, பிள்ளைய பக்கம். உம்ம வாத்தியாருமாருக்கு ஓட்டுப் போடச் சந்தர்ப்பம் குடுத்துராதீரும், நான் அதுக்குத்தான் சொல்லுதேன்.

இப்ப யோசனைக்கு வாரேன். பின்னால, அந்தக் காரு நின்ன முத்தத்துல ஒரு நினைவுச்சின்னம் வச்சிருக்காவளாம். தரையில வட்டமா கல்லு. நடுவுல ஆறு அங்குல அகலத்துல ஒரு குழி, குழி நெறைய மண்ணு. இந்த மண்ணும் இதுக்கு மேல உள்ள ஆகாசமும் எந்த நாட்டுக்கும் சேராது, எவன் அதிகாரத்துக்கும் கட்டுப்படாதுன்னு சுத்தி எழுதியிருக்காம். அதை வைக்க நிர்வாகம் சம்மதிச்சுது, ஒரே ஒரு நிபந்தனையோட: எந்தப் போராட்டத்தை நெனைச்சு வச்சதோ அந்தப் போராட்டத்து பேரைச் சொல்லக் கூடாது! பாத்தீரா கெட்டிக்காரத்தனத்தை? நீரும் உம்ம வளாகத்துல ஆறு அங்குலம் விட்டுரும். பிள்ளைய வந்து உரிமை உரிமைன்னா, அந்தா இருக்கு, ஒத்தைக் கால்ல நின்னு பேசுங்கன்னு கை காட்டிரும். பேத்தி செருப்பைக் கழட்டிட்டு பெருவிரலை மட்டும் வச்சுப் பாத்தாளாம். ஜில்லுன்னு இருந்துதாம்.

பயலுவளையும் சொல்லணும். அதே பெர்க்லி, அதே முத்தம், 2017 பிப்ரவரி 1. வலதுசாரி ஆளு ஒருத்தன் பேச வாரான். அவன் பேச்சு வெஷம்னு கூட்டம் திரண்டுது. முகமூடி போட்டு வந்த ஒரு கூட்டம் கண்ணாடியை உடைச்சு, தீ வச்சு, லட்சம் டாலர் அளவுக்குச் சேதம். அவன் பேச்சு ரத்து. பேச்சுரிமைக்குப் பொறந்த வீட்டுலயே இப்படி. எம்பேத்திட்ட கேட்டா, “தாத்தா, அவன் பேசுறது வேற”ங்கா. எல்லாத் துணைவேந்தரும் அதைத்தாம்மா சொல்லுதாவன்னேன். போனை வச்சுட்டா.

நம்ம நாட்டுல ஒரு எடத்துக் கதையில மட்டும் எனக்குக் கேலி வர மாட்டேங்குது. 1965 ஜனவரி 27, அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல போலீஸ் சுட்டு ராசேந்திரன்னு ஒரு மாணவன் செத்தான். எனக்கு அப்ப மீசை அரும்புத வயசு. ரெண்டு வருசத்துல அந்த மாணவர் கோபமும் சேந்து ஆட்சியையே மாத்துச்சு. அந்த ஆட்சி 1971-ல இருக்கும்போது, அதே அண்ணாமலையில முதலமைச்சருக்கு டாக்டர் பட்டம். மாணவருல சில பேரு எதிர்த்தாவ. தடியடி. உதயகுமார்னு ஒரு பையன் குளத்துல பொணமாக் கெடந்தான். அது எம்மவன் இல்லைன்னு பெத்த தகப்பனே சொன்னாரு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கவன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். ராசேந்திரனுக்குச் சிலை இருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.

அந்தத் தூரத்துக்கு ஏன் போகணும்? நீரு கல்லூரியில படிக்கும்போது சாம்பார்ல புழுன்னு ரோட்டுல உக்காந்தவருதானே. பிரின்சிபால் ஒழிகன்னு கத்தி தொண்டை கட்டி, ஒரு வாரம் எந்தங்கச்சி சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. உம்ம டி.சி.யைக் காப்பாத்த மன்னிப்புக் கடுதாசி எழுதுனது யாரு? இதே கைதான். ‘அறியாப் பருவத்தில் செய்த பிழை’ன்னு எழுதுனேன். கையெழுத்துப் போட மாட்டேன்னு நீரு குதிச்சீரு. “புழு இருந்தது உண்மை மாமா, எதுக்கு மன்னிப்பு?”ன்னு கேட்டீரு. எனக்கு அப்ப பதில் தெரியலை. அந்தக் கடுதாசி நகலு பரண்ல இருக்கு, வேணும்னா பார்வை ஒண்ணுன்னு போட்டு சுற்றறிக்கையோட இணைச்சுக்கலாம்.

சரி, வரைவுல நான் செஞ்ச திருத்தம் ரெண்டே ரெண்டு. ‘முன் அனுமதியின்றி’ங்கிற எடத்துல ‘முன் தகவலின்றி’ன்னு போட்டிருக்கேன். ரெண்டாவது, ‘ஒழுங்கு நடவடிக்கை’ங்கிற வரியை அடிச்சுட்டு, மதியம் மூணு மணியில இருந்து நாலு மணி வரை பதிவாளர் அறை திறந்திருக்கும்னு எழுதியிருக்கேன். பிடிக்கலைன்னா விட்டுரும், தமிழ் மட்டும்தானே பாக்கச் சொன்னீரு.

வார வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கோயில் கொடை. குடும்பத்தோட வந்துரும். ராத்திரி வில்லுப்பாட்டு இருக்கு. உமக்கு முன் வரிசையில பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். வில்லுப்பாட்டுக்காரி நேத்து வந்தா. உம்ம பேரு, பதவி, இந்தச் சுற்றறிக்கை வெவரம் எல்லாம் எங்கிட்ட கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டா. எதுக்குன்னு நான் கேக்கலை.